மிதிவெடி அகற்றும் இயந்திரங்கள்: அக்கரையில் ஏன் இன்னும் வேலை முடியவில்லை?

 

கடந்த ரமலானில் நம் அறக்கட்டளையின் சார்பில் மண்டபம் முகாமுக்கு அரிசியும் பருப்பும் கொண்டுபோயிருந்தோம். பொருள்களை இறக்கி முடித்ததும், மன்னார்ப் பக்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: "தம்பிமார், ரிமோட்டில ஓடுற மெசின் ஒண்டு இருக்காம். பேரன் போன்ல காட்டினான். உள்ளுக்கு ஆளே இல்ல, அதுவாப் போய் வெடியத் தட்டி எடுக்குது. அப்ப எங்கட காணியில மட்டும் ஏன் இன்னும் சிவப்புக் கட்டை நிக்குது?"

அன்று அவருக்கு எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. "மெதுவாக நடக்கும் வேலை" என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டோம். வந்த பிறகு, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். அவருக்கு மட்டுமல்ல, அக்கரையில் உறவுள்ள நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம். கடைசிப் பகுதியை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அவசியம் படித்துக் காட்டுங்கள். அது நம் கரையைப் பற்றியது.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். நம்மில் பலருக்கு மதுரையைவிட மன்னார் பக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், பாம்பன் ஊர்களில் கொழும்பிலும் மன்னாரிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் இக்கரையிலிருந்து சம்மாட்டிகளும் முக்குளிப்போரும் அங்கே போய் வந்தார்கள். பெண் கொடுத்து, பெண் எடுத்த உறவு அது.

அந்த மண்ணில் 1983 முதல் 2009 மே வரை போர் நடந்தது. படையினரும் புலிகளும், இரு தரப்புமே, நிலத்தில் வெடிகளைப் புதைத்தார்கள். வடக்கிலிருந்த முஸ்லிம் மக்களுக்கு இதற்கு நடுவில் இன்னொரு சோதனையும் வந்தது. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு உட்பட வடமாகாணம் முழுவதிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் வீடு, நிலம், கடை, பள்ளிவாசல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெரும்பாலும் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம்.

போர் முடிந்தபோது அவர்கள் ஊரைவிட்டுப் போய் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பியவர்கள் முதலில் கண்டது காடு. கிணறு இருந்த இடம் தெரியவில்லை, வீட்டின் அத்திவாரம் தெரியவில்லை. அந்தக் காட்டுக்குள் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதும் தெரியவில்லை. நிலத்துக்குப் பத்திரம் கையில் இருந்தும் உள்ளே போக முடியாத நிலை. தமிழ் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கானோருக்கும் வன்னியில் இதே நிலைதான். மிதித்தவன் எந்த மதம், எந்தக் கட்சி என்று மிதிவெடி கேட்பதில்லை.

மிதிவெடி என்பது என்ன?

நாம் கண்ணிவெடி என்று சொல்வதை இலங்கையில் மிதிவெடி என்கிறார்கள். பொருத்தமான பெயர். பெரும்பாலானவை ஆளின் கால் மிதிப்பதற்கென்றே செய்யப்பட்டவை. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் இருக்கும். உள்ளே சில பத்து கிராம் வெடிமருந்து. ஒரு சிறு பிள்ளையின் கால் அழுத்தமே போதும். பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, காலை எடுத்துவிடும். அப்படித்தான் அது வடிவமைக்கப்பட்டது. காயம்பட்ட ஒருவரைத் தூக்க இருவர் வேண்டும் என்பது போரின் கணக்கு.

இலங்கையில் பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட வெடிகளும், புலிகள் தாங்களே செய்தவையும் கிடைக்கின்றன. பலவற்றின் உடல் பிளாஸ்டிக். ஜொனி எனப்படும் ஒரு வகை மரப்பெட்டியால் ஆனது. உள்ளே இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம் என்பதால், உலோகம் காட்டும் கருவி அதை எளிதில் காட்டிக்கொடுக்காது. அதே சமயம் போர் நடந்த மண் முழுவதும் தோட்டாக் கூடுகளும் குண்டுச் சிதறல்களும் கிடக்கின்றன. கருவி எதற்கெடுத்தாலும் கத்தும். ஆயிரம் ஆணிக்கு நடுவே ஒரு வெடி. அதைத் தேடித்தான் ஒவ்வொரு அங்குலமாகப் போகவேண்டியிருக்கிறது.

இந்த வெடி ஒன்றைச் செய்ய மூன்று டாலர்கூடப் போதும். ஒன்றைக் கண்டுபிடித்து எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்பது ஐ.நா. பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. போர் நின்றாலும் வெடிக்கு அது தெரியாது. புதைத்தவன் இறந்துபோயிருப்பான், எங்கே புதைத்தான் என்ற வரைபடமும் தொலைந்திருக்கும். மண்ணுக்குள் அது மட்டும் காத்திருக்கும். உலகம் முழுவதும் 2023இல் மட்டும் மிதிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 5,757 பேர் இறந்தோ காயமடைந்தோ இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் சாதாரண மக்கள்.

ரிமோட் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

பெரியவரின் பேரன் காட்டிய வீடியோ பொய்யல்ல. அப்படிப்பட்ட இயந்திரங்கள் உண்மையாகவே இருக்கின்றன, இலங்கையிலும் வேலை செய்திருக்கின்றன. ஸ்லோவாக்கியா நாட்டில் செய்யப்படும் பொசேனா, குரோவேஷியாவில் செய்யப்படும் எம்.வி.-4 ஆகிய இரண்டையும் இலங்கை இராணுவம் பயன்படுத்தியது. குரோவேஷியாவே 1990களில் போர் கண்டு, தன் வயல்களெல்லாம் மிதிவெடியாய்க் கிடந்த நாடு. அந்தத் தேவையிலிருந்து பிறந்த இயந்திரம்தான் எம்.வி.-4.

பார்க்க ஒரு சிறிய ஜேசிபி போல இருக்கும். ஓட்டுநர் இருக்கை கிடையாது. சுற்றிலும் தடித்த இரும்புக் கவசம். எடை ஐந்து, ஆறு டன். முன்னால் ஓர் இரும்பு உருளை. அந்த உருளையில் வரிசை வரிசையாகச் சங்கிலிகள், ஒவ்வொரு சங்கிலி முனையிலும் ஒரு இரும்புச் சுத்தி. உருளை வேகமாகச் சுழலும்போது சங்கிலிகள் விரிந்து மண்ணை அடித்துக்கொண்டே போகும். களத்தில் கதிரை அடிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் வெடி இருந்தால் அங்கேயே வெடிக்கும், அல்லது நொறுங்கும். சங்கிலி அறுந்தால் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றும் ஆகாது.

இயக்குபவர் பாதுகாப்பான தொலைவில் நின்றோ, கவச வண்டிக்குள் உட்கார்ந்தோ கையிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் குச்சிகளை அசைத்து அதை முன்னும் பின்னும் ஓட்டுவார். நம் பிள்ளைகள் ரிமோட் கார் ஓட்டுவது போலத்தான். ஆனால் தூசி பறக்கும், சத்தம் காதைப் பிளக்கும், எந்த நொடியிலும் முன்னால் வெடிக்கும். ஒரு வரிசை அடித்த இடத்துக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே கையகலம்கூட விட்டுவிடாமல் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆள் உள்ளே இருந்து ஓட்டும் இயந்திரங்களும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில், ஏ-9 சாலையில் உள்ள முகமாலையில் பல ஆண்டுகள் இரு தரப்பும் எதிரெதிரே பதுங்குகுழி வெட்டி நின்றன. உலகில் மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட நிலங்களில் அதுவும் ஒன்று. மண் அணைகளுக்குள்ளும் பதுங்குகுழிகளுக்குள்ளும் அடுக்கடுக்காக வெடிகள். அங்கே ஹலோ டிரஸ்ட் நிறுவனத்தார் கவசமும் தடித்த கண்ணாடியும் பொருத்திய மண்வாரி இயந்திரங்களால் மண்ணை அள்ளி, வேறிடத்தில் பரப்பிச் சலித்துப் பார்க்கிறார்கள்.

நம் நாட்டிலும் முயற்சிகள் உண்டு. சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் 2017இல் முந்த்ரா என்ற ஆளில்லாக் கவச வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதில் ஒரு வகை, மண்ணிலுள்ள வெடிகளைக் கண்டறிவதற்கானது.

இயந்திரத்தால் முடியாதது எது?

இங்கேதான் பெரியவரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

போரில் படை முன்னேற ஒரு பாதை வேண்டும். அதற்கு இயந்திரம் அடித்துக்கொண்டு போனால் போதும். பத்தில் ஒன்று மிச்சமிருந்தாலும் படை போய்விடும். இரண்டாம் உலகப் போரில், 1942இல், எகிப்தின் அல் அலமைன் பாலைவனத்தில் ஆங்கிலேயர் சங்கிலி கட்டிய டாங்கிகளை அப்படித்தான் ஓட்டினார்கள். பாதை கிடைத்தது, படை போனது. ஆனால் அந்தப் பாலைவனத்தில் மீதமிருந்த வெடிகள் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அங்குள்ள கிராமத்து மக்களின் கால்களை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

குடியிருக்கத் திரும்பும் குடும்பத்துக்கு ஒரு பாதை போதாது. மூலை முடுக்கெல்லாம் வேண்டும். பிள்ளை பந்தை எடுக்க வேலியோரம் ஓடும், தாய் சுள்ளி பொறுக்கப் போவாள், தகப்பன் வேலிக்குக் குழி தோண்டுவார். அங்கே ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. தொண்ணூற்றொன்பது சதவீதம் சுத்தம் என்று சொல்லி ஒரு குடும்பத்தை உள்ளே அனுப்ப முடியாது.

இயந்திரத்தின் அடியில் அந்த உத்தரவாதம் இல்லை. அதற்குச் சில காரணங்கள்:

முதலாவது, சங்கிலி அடிக்கும் வேகத்தில் எல்லா வெடியும் வெடிப்பதில்லை. சில பாதி உடைந்து, வெடிமருந்தும் திரியும் தனித்தனியாக மண்ணில் கலந்துவிடும். சில தூக்கி வீசப்பட்டு, ஏற்கெனவே சுத்தம் செய்த பக்கம் போய் விழும்.

இரண்டாவது, இயந்திரம் அடிக்கும் ஆழம் மண்ணுக்கு மண் மாறும். சமதரை மணலில் நன்றாக இறங்கும். கல் நிலத்தில் துள்ளும், சேற்று வயலில் புதையும். பனங்கட்டைகள், மண் மேடு, பதுங்குகுழி, கடலோர அலம்பல் நிலம் இவற்றில் அதற்கு வேலையில்லை. வன்னி நிலத்தில் இவை எல்லாமே உண்டு.

மூன்றாவது, டாங்கியைத் தகர்க்கப் புதைத்த பெரிய வெடி அடியில் இருந்தால் இயந்திரமே சேதமாகும். பழுதுபார்க்க உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். டீசல், லாரி, பொறியாளர் என்று செலவு வேறு.

அப்படியானால் இயந்திரத்தால் என்ன பயன்? பெரும் பயன் உண்டு. இருபது ஆண்டுக் காட்டைக் கையால் வெட்டிக்கொண்டு போவது மிக ஆபத்தான வேலை. புதருக்குள் இழுகம்பி கட்டிய வெடிகள் இருக்கும், காலடியும் தெரியாது. அந்தக் காட்டை இயந்திரம் ஒரு நாளில் அடித்து மட்டமாக்கிவிடும். இறுகிக் கிடக்கும் மண்ணை இளக்கிக் கொடுக்கும். இன்னொன்று, "இங்கே வெடி இருக்கலாம்" என்ற சந்தேகத்தில் மட்டுமே அடைத்து வைத்திருக்கும் பெரிய பரப்பில் இயந்திரத்தை விட்டுப் பார்ப்பார்கள். எங்கே வெடிக்கிறதோ அந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஆட்கள் முழுக் கவனத்தையும் வைக்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால், இயந்திரம் நிலத்தைத் திறந்து கொடுக்கிறது. நிலம் சுத்தம் என்று சொல்லும் அதிகாரம் மனிதக் கைக்குத்தான் இருக்கிறது.

வாரியோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள்

அந்தக் கைகளில் பல பெண்களின் கைகள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. போரில் கணவனை இழந்தவர்கள், வீடு வாசல் இழந்தவர்கள், குடும்பத்தில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாதவர்கள் பலர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். 2002 முதல் அங்கே வேலை செய்யும் ஹலோ, மேக் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களிலும், 2010இல் தொடங்கிய டாஷ், பிறகு வந்த ஷார்ப் ஆகிய உள்ளூர் நிறுவனங்களிலும் வடக்கு மக்களே வேலை செய்கிறார்கள். இலங்கை இராணுவத்தின் பிரிவும், இந்திய அரசின் உதவியோடு நம் நாட்டு முன்னாள் இராணுவப் பொறியாளர்கள் நடத்தும் சர்வத்ரா, ஹொரைசன் குழுக்களும் இதில் பங்கெடுத்திருக்கின்றன.

வேலை முறை இதுதான். ஒரு மீட்டர் அகலத்துக்குக் கயிறு அல்லது கட்டை வைத்து ஒரு தடம் பிரிப்பார்கள். அதில் ஒருவர் மட்டும். மார்புக்குக் கவசம், முகத்துக்குத் தடித்த கண்ணாடித் திரை. சில இடங்களில் உலோகம் காட்டும் கருவி. உலோகக் குப்பை மிகுந்த மணல் நிலத்தில் அது பயன்படாது என்பதால், தோட்டத்தில் சருகு கூட்டும் வாரி போல நீண்ட பிடி வைத்த இரண்டு வாரிகளை எடுத்துக்கொள்வார்கள். கனமானது மண்ணைத் தளர்த்த, இலேசானது தளர்ந்த மண்ணை மெதுவாகத் தன் பக்கம் இழுக்க. மேலிருந்து அழுத்தாமல் பக்கவாட்டில் வருவதால் வெடி முழுதாக வெளியே தெரியும். பிறகு அதற்கென்று பயிற்சி பெற்றவர் வந்து செயலிழக்கச் செய்வார், அல்லது அங்கேயே வெடிக்க வைப்பார்கள்.

கொளுத்தும் வெயிலில், கவசத்துக்குள் வியர்வை வழிய, ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில சதுர மீட்டர்கள்தான். நம் வீட்டு முற்றம் அளவு. பெரியவர் கேட்ட "ஏன் இவ்வளவு நாள்" என்பதன் விடை அந்த முற்றத்தில் இருக்கிறது. தாமதம் எல்லாமே அலட்சியம் அல்ல. சில தாமதம் ஒரு பிள்ளையின் கால்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். முள்ளையும் கல்லையும் ஓரமாகத் தள்ளுவதற்கே அந்த நன்மை என்றால், பிறர் பிள்ளைகள் நடக்கும் பாதையிலிருந்து வெடியைத் தன் கையால் எடுப்பவரின் பங்கை அல்லாஹ்வே அறிவான். அந்தப் பெண்கள் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும் நம் துஆவில் அவர்களுக்கு இடம் உண்டு.

ஊர் திரும்ப எண்ணும் குடும்பங்களுக்கு

மண்டபம் முகாமிலும், தமிழகத்தின் பிற முகாம்களிலும், வெளியிலும் இருந்துகொண்டு நிலத்தைப் பார்க்கப் போக நினைப்பவர்கள் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும்.

உங்கள் காணி எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். வடக்கின் மிதிவெடி வேலைகளை ஒருங்கிணைக்கும் அலுவலகம் கிளிநொச்சியில் இருக்கிறது. எந்த நிலம் முடிந்தது, எது பாக்கி என்ற வரைபடம் அவர்களிடம் உண்டு. "பக்கத்துக் காணிக்காரர் உழுகிறார், நமக்கும் ஒன்றும் ஆகாது" என்று வேலியைத் தாண்டாதீர்கள். மண்டையோட்டுப் படமும் மிதிவெடி என்ற எழுத்தும் போட்ட பலகை, சிவப்பு முனைக் கட்டை, சிவப்பு நாடா இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பலகை விழுந்துகிடந்தாலும், யாரோ கட்டையைப் பிடுங்கி விறகாக்கியிருந்தாலும், வெடி அங்கேதான் இருக்கும்.

குறி வைக்காத இடத்தில் சந்தேகமாக ஏதாவது கண்டால் நின்று, தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்புங்கள். கல்லெறிந்து பார்ப்பது, தீ வைத்துக் காட்டை அழிப்பது இரண்டும் உயிருக்கு உலை வைக்கும்.

உங்களுக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறது. ஆய்வுக் குழுவினர் முதலில் செய்வது ஊராரிடம் விசாரிப்பதுதான். எங்கே முகாம் இருந்தது, எந்தப் பக்கம் மாடு செத்தது, எந்தக் கிணற்றடியில் ஆள் காயம்பட்டார் என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய ஊரின் ஒற்றையடிப் பாதையும் கிணறும் வயதானவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. அந்த நினைவு, எந்த ரிமோட் இயந்திரத்துக்கும் இல்லாத கருவி. முகாமிலுள்ள முதியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை, மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்துக்குள் நிலத்திலுள்ள எல்லா மிதிவெடிகளையும் அகற்றிவிட வேண்டும் என்பது அந்நாட்டுக்குள்ள கெடு. இந்த ஒப்பந்தத்தில் நம் இந்தியா இன்னும் சேரவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் எல்லையோரம் நம் இராணுவமும் இலட்சக்கணக்கான வெடிகளைப் புதைத்தது. அவற்றைத் திரும்ப எடுக்கும்போது நம் வீரர்களும் எல்லையோர விவசாயிகளும் பலர் உயிரையும் கை கால்களையும் இழந்தார்கள். புதைப்பது எளிது, எடுப்பது கடினம் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

கால் இழந்தவர்களுக்கு

வெடியை அகற்றுவது பாதி வேலை. ஏற்கெனவே கால் இழந்தவர் எழுந்து நடப்பது மறுபாதி. 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இதில் பெரிய மாற்றம். மேல்நாட்டுச் செயற்கைக் கால் செருப்பு மாட்டி நாற்காலியில் உட்காருபவருக்கானது. ரப்பரால் ஆன ஜெய்ப்பூர் பாதத்தோடு வெறுங்காலில் வயலில் இறங்கலாம், குந்தி உட்காரலாம், சம்மணமிடலாம். ஆப்கானிஸ்தானில் மிதிவெடியால் கால் இழந்த ஏராளமானோர் இதை அணிந்து நடக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் பெயரிலேயே ஒரு நிலையம் செயல்படுகிறது.

நம் இராமேஸ்வரத்து மைந்தர் டாக்டர் அப்துல் கலாம் அவர்களும் இந்தப் பணியில் கைவைத்தவர்தான். ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர்களோடு சேர்ந்து, போலியோ பாதித்த பிள்ளைகளுக்கு நடைத்தாங்கி செய்துகொடுத்தார். மூன்று கிலோ கனத்த இரும்புத் தாங்கியை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சில நூறு கிராம் தாங்கியோடு ஓடியதைக் கண்ட மகிழ்ச்சியை அவர் பல மேடைகளில் சொன்னார். ஒரே அறிவு ஆளை வீழ்த்தவும் உதவும், எழுப்பி நடக்க வைக்கவும் உதவும். எதற்கு என்று தீர்மானிப்பது நிய்யத்.

நம் மஹல்லாக்களில் சர்க்கரை நோயாலும் சாலை விபத்தாலும் கால் இழந்தவர்கள் இருக்கிறார்கள். செயற்கைக் கால் பெற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுதவும், அளவெடுக்கும் முகாமுக்கு அழைத்துப் போகவும் ஆள் இல்லாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் வரலாம்.

நம் கரையிலும் கவனம்

இதெல்லாம் கடலுக்கு அப்பால் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, பெட்டி பெட்டியாகத் துருப்பிடித்த தோட்டாக்களும் வெடிபொருள்களும் வெளிவந்தது நினைவிருக்கும். 1980களில் இப்பகுதியில் இருந்த இலங்கைப் போராளி இயக்கத்தினர் புதைத்துச் சென்றவை என்று காவல்துறை கருதியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பெட்டிகளின் மேல் குடும்பங்கள் நடமாடிக்கொண்டிருந்தன. தோண்டியவர்கள் உடனே காவல்துறைக்குத் தகவல் சொன்னதால் அல்லாஹ்வின் அருளால் யாருக்கும் தீங்கில்லை.

எனவே எல்லோரும் நினைவில் வைக்க வேண்டியவை:

• கிணறு, தொட்டி, அத்திவாரம் தோண்டும்போது துருப்பிடித்த பெட்டி, உருளை, இரும்புக் குண்டு, வயர்ச் சுருள் தென்பட்டால் கடப்பாரையை வைத்துவிடுங்கள். இன்னொரு முறை தட்டிப் பார்க்க வேண்டாம்.

• கடற்கரையில் ஒதுங்கும், வலையில் சிக்கும் இனம் தெரியாத உலோகப் பொருளைக் கரைக்கு இழுத்து வராதீர்கள். பழைய இரும்புக் கடையில் போட்டால் காசு என்று உடைக்கப் போய்க் கையை இழக்க வேண்டாம்.

• தொடாதே, தட்டாதே, தூக்காதே, படம் எடுக்கப் பக்கத்தில் போகாதே. இந்த நான்கையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆக்குங்கள். மதரஸா உஸ்தாதுமார்களும் ஒரு நாள் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் நல்லது.

• இடத்தைவிட்டு விலகி, மற்றவர்களையும் விலக்கி, 112 அல்லது 100 எண்ணுக்குச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. சொன்னால் நம்மீதே வழக்கு வரும் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. கண்டதும் சொல்வதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு. தயக்கமாக இருந்தால் ஜமாஅத் நிர்வாகிகளை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இதழ் அச்சானதும் மண்டபம் முகாமுக்கு எடுத்துப் போய், கேள்வி கேட்ட அந்தப் பெரியவரிடம் முதல் பிரதியைக் கொடுக்க இருக்கிறோம். பேரன் காட்டிய மெசின் உண்மை, ஆனால் அது முடித்த இடத்தில் ஒரு பெண் வாரியோடு உட்கார்ந்து உங்கள் காணியை முழம் முழமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள், அவள் எழுந்து வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லப் போகிறோம். அவருடைய கிணறு எங்கே இருந்தது என்பதையும் கேட்டு ஒரு தாளில் வரைந்து கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

அந்த மண்ணில் ஒவ்வொரு குடும்பமும் அச்சமின்றிக் கால் பதிக்கவும், அதற்காக உழைப்பவர்கள் மாலையில் முழு உடலோடு வீடு திரும்பவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.